ஞானஸ்நானத் தொட்டிக்கு வாடகை

கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய யொங்டோத் தீவின் மலைச்சரிவில் இருந்த விடிவெள்ளிச் சபை, குளியல்கடைக்காரி மேங் ஒக்-புன்னுக்கு முப்பத்தாறாயிரம் வொன் கடன்பட்டிருந்தது. கைமாற்றும் இல்லை, வட்டிக்கு வாங்கியதும் இல்லை. தண்ணீருக்குத் தர வேண்டிய பணம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று தொட்டி, தொட்டிக்குப் பன்னிரண்டாயிரம்.

தண்ணீருக்கா இவ்வளவு என்று வாயைப் பிளப்பவன் கொதிகலன் வைத்துப் பிழைத்தவனாக இருக்க மாட்டான். தொட்டியைக் காலி செய்து தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, ராத்திரி முழுக்க எண்ணெய் எரித்துச் சூடாக்க வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் குளிக்கிற ஜனம் ஞாயிற்றுக்கிழமைதான் குளிக்கும். கப்பல் போக எங்கள் தீவுப் பாலத்தைத் தூக்கி இறக்குவதை நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எண்ணெய் விலை அப்போதுதான் மூன்று மடங்கு ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒக்-புன் சும்மா வந்தவள் இல்லை. போரில் வடக்கே ஹங்னாம் துறையிலிருந்து அகதிக் கப்பலேறி, முதுகில் ஒரு மூட்டையோடு பூசானில் இறங்கியவள். அவள் புருஷன் கப்பலேறவில்லை. கயிற்று வலையில் ஏறும்போது கை நழுவி, கப்பலுக்கும் துறைக்கும் நடுவே விழுந்தான். தலை ஒரு தரம் மேலே வந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. இங்கே வந்து, கிடந்த எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து வெந்நீர் காய்ச்சி, வாளிக் கணக்கில் விற்றாள். அந்த வாளியிலிருந்துதான் டொங்பெக் குளியல்கடை எழுந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் கொதிகலன் இரைகிற சத்தத்தை வைத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடுவாள். அன்று இந்தத் தீவில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். இன்னொருவரைப் பற்றி அவரே எழுதிக்கொள்வது அழகில்லை.

இத்தனை வருஷம் தண்ணீர் விற்றவள், தன் தலையைத் தண்ணீருக்குள் விட்டது மட்டும் கிடையாது. குவளையில் மொண்டு ஊற்றிக்கொள்வாள்.

அந்த டிசம்பரில் கொதிகலன் இருமத் தொடங்கியது. சந்திரப் புத்தாண்டு வரை தாங்காது என்று அவள் காது சொல்லிற்று. புத்தாண்டுக்கு முந்தின மூன்று நாளில் தீவு மொத்தமும் அழுக்கைத் தேய்க்க வரும். அந்த மூன்று நாள் வரும்படிதான் மீதி வருஷத்தைத் தூக்கி நிறுத்தும். அப்போது வெந்நீர் இல்லையென்றால் கடை இல்லை. கொதிகலன் வியாபாரி ஒருவனிடம் பழசு ஒன்று நல்ல நிலையில் இருந்தது. வருஷம் முடிவதற்குள் நாற்பதாயிரம் முன்பணம் கேட்டான். தராவிட்டால் எதிர்த்தெருப் புதுக் குளியல்கடைக்குக் கொடுத்துவிடுவானாம்.

ஆகவே அவளுக்குச் சபையின் பணம் தேவைப்பட்டது. பரலோகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடன் ஏறிய கதை இதுதான். விடிவெள்ளிச் சபையில் நெற்றியில் நாலு சொட்டுத் தெளிக்கிற வேலையெல்லாம் கிடையாது. ஆளையே முழுசாக முக்கினால்தான் ஞானஸ்நானம். முன்பெல்லாம் பாறைக்குக் கீழே கடலில் முக்கினார்கள். ஒரு பனிக்காலத்தில் கிழவர் ஒருவர் கடலிலிருந்து புது மனுஷனாக எழுந்து, நேரே காய்ச்சலில் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு இளைஞரான டாக் பாஸ்டர் குளியல்கடைக் கல்லாவின் சின்ன ஜன்னலில் குனிந்து கேட்டார்.

"அம்மா, ஒரு காலை நேரம் தொட்டிய வாடகைக்குத் தருவீங்களா?"

"பணம் குடுத்தா எருமையக்கூடக் குளிப்பாட்டலாம். புதுத் தண்ணியா, பழசா?"

"புதுசுதாம்மா."

"பன்னண்டாயிரம்."

சபையில் பாதிப்பேர் கப்பல்துறையில் துரு தட்டும் பெண்கள். சுத்தியலால் கப்பலின் இரும்பு வயிற்றைத் தட்டித் தட்டி, காது பாதி செவிடு. அதனால்தான் விடிவெள்ளிச் சபையின் ஜெபம் பாலம் தாண்டிக் கேட்கும். துரு அவர்கள் தோலுக்குள்ளேயே குடியிருக்கும். முதல் ஞானஸ்நான நாளில் வெள்ளை அங்கியோடு அவர்கள் வரிசையில் நிற்க, ஒக்-புன் தொட்டிக்குக் குறுக்கே நின்றாள். கையில் பச்சைத் தேய்ப்புத் துணிகள். அந்தத் துணி எங்கள் ஊர்ச் சரக்கு; தேசம் முழுக்க இன்று அதில்தான் முதுகு தேய்க்கிறது.

"அங்கியக் கழட்டுங்க. தேய்ச்சுட்டு வாங்க. அப்புறம் இறங்கலாம்."

"அம்மா, இது குளியல் இல்ல. ஞானஸ்நானம்," என்றார் பாஸ்டர்.

"எதுவா வேணா இருக்கட்டும். சுவத்துல எழுதியிருக்கேன் பாருங்க. தேய்ச்சுக் கழுவாம தொட்டில கால வைக்கக் கூடாது."

"இவங்களக் கழுவத்தானம்மா கூட்டிட்டு வந்திருக்கேன்?"

"நீங்க கழுவுறது உள்ளுக்குள்ள இருக்கறத. அது தண்ணில மிதக்காது. இவங்க முதுகுல இருக்கறது மிதக்கும். மத்தியானம் வர்ற ஆளு அதப் பாத்துட்டு உங்ககிட்டயா சண்டைக்கு வருவான்?"

பாஸ்டர் யோசித்தார். வேதத்தில் அதற்கு மறுப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெண்கள் பெண்கள் பக்கம் போய், ஒருத்தி முதுகை ஒருத்தி பிடித்துத் தேய்த்தார்கள். வடிகாலில் துரு தேநீர் நிறத்தில் ஓடியது. அதற்குப் பிறகு தொட்டியில் இறங்கி, முங்கி, பளபளவென்று எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்தப் பளபளப்பில் பாதி தேய்ப்புத் துணியின் உபயம் என்று ஒக்-புன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை நன்றாக நடந்தது. காசு மட்டும் வரவில்லை. சபையின் பணப்பெட்டி பாங் மூப்பரிடம் இருந்தது. கப்பல் பெயிண்ட் விற்றுப் பணம் பார்த்த மனிதர். எப்போதும் கழுத்துப்பட்டி. ஜெபத்தில் ஆவி இறங்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுவதில் சபையிலேயே அவர்தான் முதல் ஆள்.

"மேங் அம்மா, கர்த்தருக்குச் செஞ்ச ஊழியத்துக்கு மேல கூலி உண்டு," என்றார் அவர்.

"மேல வாங்கிக்கறேன் மூப்பரே. எண்ணெய் விக்கிறவன் கீழல்ல கேக்குறான்!"

"சபை மணிக்காகச் சேத்துட்டு இருக்கோம். ரெண்டு லட்சம் வேணும். அதுல கை வைக்க முடியாது."

"அப்ப அந்த மணிய அடிச்சு என் தொட்டியச் சூடாக்குங்க."

மூப்பர் சிரிக்கவில்லை. வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம் நடக்கும், பணக் கணக்கெல்லாம் அங்கேதான் தீரும் என்றார். "ஆனா ஒண்ணு. ஞானஸ்நானம் எடுத்தவங்கதான் கூட்டத்துல எழுந்து பேசலாம். வெளியாளுக்கு இடமில்ல."

ஒக்-புன் கல்லாவில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க அதை மென்றாள். மாலையில் டாக் பாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி முக்குறீங்களாமே. எத்தன பேரு?"

"மூணு பேரும்மா."

"நாலாப் போட்டுக்கோங்க."

பாஸ்டர் கையிலிருந்த பார்லித் தேநீரைக் கீழே வைத்தார். ஞானஸ்நானத்துக்கு முன் கேள்வி கேட்க வேண்டும், அது முறை.

"அம்மா, நீங்க பாவின்னு ஒத்துக்கறீங்களா?"

"எண்ணெயில தண்ணி கலந்து வித்தவன எட்டி உதைச்சேன். அது சேருமா?"

"சேரும்னு நெனக்கிறேன்."

"அப்ப ஒத்துக்கறேன். பாஸ்டர், உள்ளதச் சொல்லிடறேன். நான் இறங்குறது மோட்சத்துக்கு இல்ல. கூட்டத்துல எழுந்து காசு கேக்கணும், அதுக்குத்தான்."

பாஸ்டர் கீழே வைத்த தேநீரை மறுபடி கையில் எடுத்தார். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள பையன். சபைப் பணப்பெட்டியின் சாவியைக் கண்ணால்கூடப் பார்த்தவர் இல்லை. "சில பேரு மாமியாருக்குப் பயந்து இறங்குறாங்க. சில பேரு கல்யாணத்துக்காக. நீங்க ஒருத்தர்தான் வாயால சொன்னீங்க," என்றார். "ஏன் வர்றீங்கன்னு நான் தடுக்க மாட்டேன். இறங்கினப்பறம் என்ன ஆகும்ங்கறது என் கையில இல்ல."

"என்ன ஆகும்? நனையும்."

ஞாயிறு காலை அவளும் வரிசையில் நின்றாள். தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு, முதுகு சிவக்கத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். தேய்த்துவிட்டவள் அவள் கடையில் முதுகு தேய்ப்பவளும் சபைக்காரியுமான மல்-சூன். பழைய துரு தட்டும் கை, காதும் அப்படித்தான்.

"அக்கா! நடுங்குறியே!" என்று கூடமே அதிரக் கத்தினாள் மல்-சூன்.

"தண்ணி ஆறிக் கிடக்குடி. கொதிகலன் சாவுது."

உண்மைதான், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்கம் அதனால் இல்லை. தொட்டியின் மூன்றாவது படியில் நின்றபோது அவளுக்கு எதிரே தெரிந்தது டொங்பெக் குளியல்கடை இல்லை. கறுப்பான தண்ணீர், இரும்புச் சுவர், ஒரு தரம் மேலே வந்த தலை. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். பின்னால் பாங் மூப்பர் துண்டோடு நின்றுகொண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகை அவளைப் படி இறக்கியது.

பாஸ்டர் ஒரு கையை அவள் பிடரியில் வைத்தார். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் தலையைத் தாங்குவாளே, அப்படி. "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்றார். சாய்த்தார்.

தண்ணீர் காதுக்குள் ஏறியதும் ஒக்-புன்னின் கை தானாக எதையோ பிடித்தது. அகப்பட்டது பாஸ்டரின் கழுத்து. இரும்பு வாளி தூக்கிய கை அது. மெலிந்த மனிதர் ஓரடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒருத்தியை முக்கப் போய் இரண்டு பேர் மூழ்கினார்கள்.

உள்ளே இருந்தது கொஞ்ச நேரம்தான். அவள் கண்ணைத் திறந்தாள். பாஸ்டரின் முகம் எதிரே, கன்னம் உப்பி, மீன் மாதிரி. அவர் கை இன்னமும் அவள் பிடரியை விடவில்லை. அவளுடைய கையும் அவரை விடவில்லை. இரண்டு தலையும் சேர்ந்து மேலே வந்தன.

மல்-சூன்தான் முதலில் சிரித்தாள். அதன்பிறகு கூடமே சிரித்தது. பாஸ்டர் இருமிக்கொண்டே, "எனக்கு ரெண்டாம் தடவை," என்றார். பாஸ்டருக்கு மறுபடி ஞானஸ்நானம் ஆனதா இல்லையா என்று சபையில் அப்புறம் மூன்று வாரம் சண்டை நடந்தது. ஒக்-புன் படியில் உட்கார்ந்து அழுதாள். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றாள். தொட்டியில் சோப்பு கிடையாது.

மறுநாள் மல்-சூன் புதுக் குண்டைப் போட்டாள்.

"அக்கா, தண்ணி முடிஞ்சிருச்சு. இனி ஆவி!"

"என்ன ஆவி? கொதிகலன்ல வர்றதா?"

"பரிசுத்த ஆவி! அந்த அபிஷேகம் வந்தாத்தான் முழுசு. வந்ததுக்கு அடையாளம், வாயில அந்நிய பாஷை வரும். அது இல்லாதவங்க பேச்ச பாங் மூப்பர் மதிக்கவே மாட்டாரு."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்னடி?"

"நீ கேக்கலியே!"

மல்-சூன் கற்றுக்கொடுத்தாள். 'அல்லேலூயா'வை வேகமாக, இன்னும் வேகமாகச் சொன்னால் நாக்கு தானாகக் கழன்றுகொள்ளுமாம். ஒக்-புன் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் முட்டி போட்டுச் சொல்லிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுற்றிலும் துருப்பெண்கள் கையைத் தூக்கி ஆற்றுவெள்ளம் போல் பேசினார்கள். சிலர் அழுதார்கள், அதில் நடிப்பு இல்லை. அவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"சும்மா எதையாவது உருட்டுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. ஏன் இறங்குறேன்னு பாஸ்டர்கிட்ட உள்ளதச் சொல்லிட்டுத்தான் தண்ணில இறங்குனேன். இப்ப வாயில பொய்ய வச்சுக்கிட்டு எப்படிடி எழுந்து நிப்பேன்?"

பாங் மூப்பர் செவ்வாய்க்கிழமைதோறும் கடை திறந்ததும் முதல் ஆளாக வருவார். தனியாக முங்குவதில் அவருக்குப் பிரியம். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், கல்லா, மூன்றுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. புருஷனும் பெண்டாட்டியும் சோப்பை மேலே வீசிக்கொள்வதற்காக எல்லாக் குளியல்கடையிலும் அப்படித்தான் கட்டுவோம். அந்த வாரம் கொதிகலன் அணைந்து அணைந்து எரிந்ததால் கடை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த ஒக்-புன் காதில் சுவருக்கு மேலாக வந்து விழுந்தது:

"ஷாராபா… ராபாபா… டிரிரி கந்தாலா…" சற்று நிறுத்தம். "ம்ஹூம். டிரிரி சொந்தாலா." தொண்டையைச் செருமும் சத்தம். மறுபடி முதலிலிருந்து. ஓடு பதித்த கூடம், நன்றாக எதிரொலித்தது. கடைசியில் குரல் உடைந்து ஒரு விம்மல். அந்த விம்மலை மட்டும் நாலு தரம் செய்து பார்த்தார்.

யோசித்துப் பார்த்தால், இந்த இரைச்சல் வெகுகாலமாகவே செவ்வாய்தோறும் வந்துகொண்டுதான் இருந்தது. பெரிய மனிதர் பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போன பிறகுதான் அது என்ன பாட்டு என்று தெரிந்தது. வெளியே வந்த மூப்பரிடம் துண்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாள்.

வருஷக் கடைசி ஞாயிறு. பலகைக் கோயிலில் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கொதிகலன் வியாபாரிக்குச் சொன்ன தவணை மறுநாளோடு முடிகிறது. மூப்பர் கணக்கு வாசித்தார். மணிக்கு இத்தனை, கூரைக்கு இத்தனை. குளியல்கடை என்ற பேச்சே இல்லை. ஒக்-புன் எழுந்தாள்.

"என் தண்ணிக் காசு எங்க?"

மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார். "சகோதரி தண்ணியில ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க, ரொம்பச் சந்தோஷம். பாஸ்டரையும் சேத்து எடுத்தாங்க." சிரிப்பு. "ஆனா ஆவியின் அபிஷேகம் இன்னும் வரல. ஆவியில்லாதவங்க பணத்தப் பத்திப் பேசினா மாம்சம்தான் பேசும். உக்காருங்கம்மா."

"என்ன சொல்றாரு?" என்று பின்வரிசையில் ஒரு துருப்பெண் கேட்டாள்.

"நனைஞ்சது பத்தாதாம்!" என்று இன்னொருத்தி கத்தினாள்.

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூப்பர் ஜெபத்தோடு பேச்சை முடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். கண்ணை மூடினார். "ஷாராபா! ராபாபா! டிரிரி சொந்தாலா!" குரல் ஏறியது. சரியான இடத்தில் உடைந்தது. விம்மல் வந்தது. பெண்கள் "ஆமென்" என்றார்கள்.

அந்நிய பாஷை சபைக்கு நடுவே வந்தால், அர்த்தம் சொல்ல ஆள் உண்டா என்று பாஸ்டர் கேட்க வேண்டும். அது வேதத்து முறை. வழக்கமாக யாரும் சொல்ல மாட்டார்கள்; பாஸ்டரே, தேவன் நம்மை நேசிக்கிறார் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார். அன்றும் கேட்டார்.

"யாருக்காவது அர்த்தம் கெடச்சிருக்கா?"

ஒக்-புன் இன்னும் உட்காரவில்லை. நின்றபடியே கையைத் தூக்கினாள்.

அர்த்தம் சொல்கிற வரத்துக்கு அந்நிய பாஷை பேசியிருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மூப்பருக்கு அது நன்றாகவே தெரியும்.

"சொல்லுங்கம்மா," என்றார் பாஸ்டர்.

"எனக்குப் படிப்பு கிடையாது. கேட்டதத்தான் சொல்லுவேன்," என்றாள் ஒக்-புன். "மூப்பர் இப்பச் சொன்ன இதே வார்த்தை எனக்குப் புதுசு இல்ல. செவ்வாக்கிழமை காலையில—"

மூப்பரின் கண் திறந்துகொண்டது.

"—செவ்வாக்கிழமை காலையில, கல்லாவுல உக்காந்திருக்கும்போது, தண்ணிச் சத்தத்துக்கு நடுவுல மேலேருந்து வரும். ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல. இதே வார்த்தை, இதே வரிசை. நடுவுல ஒரே ஒரு வார்த்தை மட்டும்…" என்று நிறுத்தி மூப்பரைப் பார்த்தாள்.

மூப்பரின் கழுத்துப்பட்டிக்கு மேலே சிவப்பு ஏறியது. அந்தக் குளிரில் அவர் நெற்றி வேர்த்ததைப் பார்த்தவர்கள், ஆவி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அந்த வார்த்தைய விட்டுடுவோம்," என்றாள். "ஒவ்வொரு தரமும் அதக் கேக்கும்போது எனக்குள்ள தோணுறது ஒண்ணே ஒண்ணுதான். குளியல்கடைக்காரி காசக் குடுத்துடணும்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"என்னவாம்? என்னவாம்?" என்றது பின்வரிசை.

"தண்ணிக் காசக் குடுக்கச் சொல்லுதாம்!" என்று மல்-சூன் மலையே கேட்கக் கத்தினாள். "மூப்பர் வாயாலயே வந்திருக்கு!"

"ஆமென்!" என்றார்கள் துருப்பெண்கள். பலகைச் சுவர் அதிர்ந்தது.

பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. "மூப்பரே, அர்த்தம் சரிதானா? ஆவி உங்க மூலமாத்தானே பேசுச்சு. நீங்க சொன்னா முடிஞ்சுது," என்றார்.

மூப்பர் ஒக்-புன்னைப் பார்த்தார். அவள் மரியாதையாகத் தலைகுனிந்துகொண்டாள்.

"ஆமென்," என்றார் மூப்பர்.

மணிக்காக வைத்திருந்த பெட்டியை மேஜை மேல் வைத்துத் திறந்தார்கள். "மூணு தொட்டி, முப்பத்தாறாயிரம்," என்றார் மூப்பர், அடங்கின குரலில்.

"நாலு தொட்டி. கிறிஸ்மஸ் தொட்டிய விட்டுட்டீங்க."

"அதுல நீங்களும் இறங்கினீங்களேம்மா!"

"நாலு பேருல ஒருத்தி. என் பங்கு மூவாயிரத்தக் கழிச்சுக்கோங்க. என்னைய முக்குனதுக்குச் சபை காசு குடுக்க வேண்டாம், அது என் கணக்கு." சற்று நிறுத்தி, "பாஸ்டர் முங்குனதுக்கும் வாங்க மாட்டேன். அது நான் இழுத்தது," என்றாள். "மிச்சம் நாப்பத்தஞ்சாயிரம்."

அவள் வலது கையை நீட்டினாள். வெந்நீரில் ஊறி ஊறி ரேகை அழிந்த கை. மூப்பர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஐந்நூறு வொன் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தார். மல்-சூன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, செவிடர்கள் எண்ணுகிற மாதிரி ஊருக்கே கேட்க எண்ணினாள். தாள் நாற்பத்துமூன்றாயிரத்தோடு தீர்ந்துவிட்டது. மீதியைக் காணிக்கைச் சில்லறையில் பொறுக்கி, நூறு நூறாக அந்தத் தாள்களின் மேல் அடுக்கினார். ஒக்-புன் கையை மூடவும் இல்லை, அசைக்கவும் இல்லை. கடைசி நாணயமும் வந்து உட்காரும் வரை அந்தக் கை விரிந்தே இருந்தது.